ஐம்பத்தாறு பட்டைகள்

திங்கட்கிழமை காலை சூட்டறையைத் திறந்தபோது பட்டைகள் கறுத்திருந்தன.

குணவதி ஓர் உருளையை எடுத்து, அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பிரித்தாள். இரண்டு விரல் அகலமுள்ள மெல்லிய பட்டை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதன்மேல் வெள்ளி மையால் அச்சிட்ட கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடும். நெளிவு இருப்பதால்தான் பட்டை நீளும்போது கோடு அறுவதில்லை. நோயாளியின் நெஞ்சில் ஒட்டினால் மூச்சோடு சேர்ந்து நீண்டு சுருங்கும். இருபத்தொரு நாளுக்கு முன் உள்ளே வைத்தபோது கோடுகள் வெள்ளையாக இருந்தன. இப்போது தேயிலைச் சாயத்தின் நிறம்.

இழுவை இயந்திரத்தின் இரண்டு பிடிகளில் பட்டையை மாட்டினாள். மின்தடையை அளக்கும் மீட்டரை வைத்தாள். நல்ல பட்டை நான்கு ஓம் காட்டும். இழுத்தால் ஒன்பது. விட்டால் ஐந்து. இது இழுக்கும் முன்பே இருநூற்றுப் பத்து காட்டியது. கைப்பிடியைத் திருப்பினாள். பட்டை கொஞ்சம் நீண்டதும் மீட்டரில் எண் போய்விட்டது. மின்சாரம் கடக்கவில்லை.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

"என்னாக்கா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் சுபாஷினி. அச்சு இயந்திரத்தில் வேலை செய்பவள். இருபத்து நான்கு வயது. பீடோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறாள். மூன்று வயதுப் பெண் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள்.

"வந்து பாரு."

சுபாஷினி பார்த்தாள். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மொத்தம் அறுபது பட்டைகள். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்ட மாதிரிகள். அவை இருபத்தொரு நாள் சூட்டறைச் சோதனையில் தேறினால் குலிமில் இந்த உற்பத்தி லைன் நிலைக்கும். ஏஜென்சி வழியாக வந்த ஆறு பெண்களும் பெர்மனன் ஆகி நிரந்தர வேலையில் இருப்பார்கள். தேறாவிட்டால் லைன் வேறு நாட்டுக்குப் போய்விடும். மூன்று மாதமாக எல்லாரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குணவதிக்கு நாற்பத்தேழு வயது. லூனாஸில் வீடு. பதினொரு வருஷம் கையுறை பெக்டரியில் இருந்தாள். அதை மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஒன்பது பெக்டரிகளின் வாசலில் நின்றாள். ஒன்பதிலும் முதல் கேள்வி வயசு. இரண்டாவது கேள்வி இருக்கவில்லை. இங்கே அவசரமாக ஆள் தேவைப்பட்டதால் எடுத்தார்கள். இது போனால் வேறு இல்லை.

பத்து மணிக்கு யோகேந்திரன் வந்தான். இந்த லைனின் இன்ஜினியர். முப்பத்து மூன்று வயது. பெக்டரியில் அவன் ஒருவன்தான் தமிழ் இன்ஜினியர். மற்ற லைன் பெண்களிடம் பேசும்போது இந்த ஆறு பேரும் அவனை "எங்க சார்" என்பார்கள்.

அவன் மேலாக இருந்த சில பட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினான். இரண்டு முறை மீட்டரில் வைத்துப் பார்த்தான்.

"யாராவது கை கழுவாம தொட்டீங்களா?"

"கையுறை போட்டுத்தான் சார் தொட்டோம்."

"நாசி லெமாக் சோறு சாப்பிட்டுட்டு வந்து?"

"சார், நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?" என்றாள் சுபாஷினி.

அவன் கணினியில் பதிவுகளைத் தேடினான். அச்சிட்ட மை காய்வதற்கு நூற்று முப்பது டிகிரியில் அரை மணி நேரம் ஓவனில் இருக்க வேண்டும். இந்த அறுபதும் ஒரே நாளில் அச்சிட்டவை. அன்றைக்கு ஓவனில் ஆறு நிமிஷம் சூடு எட்டு டிகிரி இறங்கியிருந்தது.

"சுபா, இது என்னா?"

"அன்னைக்குக் கரண்டு ட்ரிப் ஆச்சு சார். நான் சொன்னேன்ல. நீங்க பரவால்ல, ஓட்டுன்னீங்க."

"எழுதி வெச்சியா?"

"வாயில சொன்னேன்."

யோகேந்திரன் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மேலே போனான்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மை சரியாகக் காயவில்லை. ஓவனைப் பார்த்துக்கொண்டவள் சுபாஷினி. கேண்டீனில் அவள் உட்கார்ந்த மேசையில் மற்ற நான்கு பேரும் உட்காரவில்லை. குணவதி மட்டும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"எட்டு டிகிரிக்கு இப்படிக் கறுக்குமாக்கா?"

"தெரியல பிள்ள."

"நீங்க சூட்டறைக்கு முன்னால எல்லாத்தையும் இழுத்துப் பாத்தீங்கல்ல? நல்லாத்தானே இருந்துச்சு?"

"அறுபதும் நல்லாருந்துச்சு."

"அப்பறம் என்னா?"

குணவதி சோற்றைப் பிசைந்தாள்.

புதன்கிழமை காலை ஷிப்டு தொடங்கும் முன் மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கும்போது நான்கு பட்டைகள் கறுக்காமல் இருப்பதைப் பார்த்தாள். மற்றவற்றின் அடியில் கிடந்தன. பிரித்தாள். வெள்ளை. மீட்டரில் வைத்தாள். நாலு. இழுத்தாள். ஒன்பது. விட்டாள். ஐந்து.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே நாள், ஒரே ஓவன், ஒரே சூட்டறை. ஒன்றே ஒன்றுதான் வேறு. இந்த நான்கும் தையல் நூலால் கட்டியவை.

மற்ற ஐம்பத்தாறையும் ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தாள். ஐம்பத்தாறோடு வளையம் தீர்ந்துபோயிருந்தது.

வளையம் அவள் கொண்டுவந்தது. கையுறை பெக்டரியை மூடிய அன்று கழிவுக் கையுறைகளை ஆளுக்கு நாலு பெட்டி கொடுத்து அனுப்பினார்கள். லூனாஸில் பாதி வீடுகளில் அந்தக் கையுறைதான். மீன் கழுவ, கழிவறை கழுவ, கசியும் குழாயைக் கட்ட. மணிக்கட்டுப் பக்கத்தை வட்டமாக நறுக்கினால் நல்ல வளையம் கிடைக்கும். கறிவேப்பிலைக் கட்டுக்கு, முறுக்குப் பைக்கு, பிள்ளைகளின் சடைக்கு. இங்கே பட்டைகளைச் சுருட்டிக் கட்டக் கொடுத்த டேப் பசையை விட்டது. கிளிப் தழும்பு விட்டது. அவள் வீட்டிலிருந்து ஒரு பிடி வளையம் கொண்டுவந்தாள். மிருதுவாகப் பிடித்தது. தடமே இல்லை.

யோகேந்திரன் அன்று வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்தான். "அக்கா, இத நம்ம பேருல ரெஜிஸ்டர் பண்ணிரணும்லா. கோடீஸ்வரி ஆயிருவீங்க." அவள் பட்டையில் வளையம் போடுவதைக் கைப்பேசியில் படம் எடுத்தான். மறுநாள் அந்தப் படம் சுவரில் ஒட்டிய செய்முறைத் தாளில் ஏழாவது படியாக வந்தது. குணவதி அந்தத் தாளின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். தன் கை அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது கறுத்த பட்டை ஒன்றைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் பழுப்பு. உள்ளே போகப் போகக் கறுப்பு. நடுவில், வளையம் இருந்த இடத்தில், கரி.

கையுறை பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் கால் மெட்டி கறுத்தது. புளி போட்டுத் தேய்த்தாள். மறுபடி கறுத்தது. அங்கே எந்தப் பெண்ணும் மெட்டி, கொலுசு போட்டு வரமாட்டாள். ரப்பர் பாலில் கலக்கிற மஞ்சள் மருந்து வெள்ளிக்கு ஆகாது என்பது அங்கே கூட்டுகிற ஆளுக்கும் தெரியும். அவளுக்குப் பதினொரு வருஷம் தெரியும்.

பட்டையில் இருப்பது வெள்ளி என்றும் அவளுக்குத் தெரியும். மையின் டப்பாவில் எழுதியிருந்தது. எல்லாரும் வெள்ளி மை என்றுதான் சொன்னார்கள். இரண்டையும் அவள் ஒரு தடவைகூடச் சேர்த்து நினைக்கவில்லை. அவளுக்குப் பட்டை வெறும் பட்டையாகவே இருந்தது, வெள்ளியாக இருக்கவில்லை.

நான்கு நல்ல பட்டைகளையும் ஒரு கறுத்த பட்டையையும் எடுத்துக்கொண்டு யோகேந்திரனின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவன் கைப்பேசியில் எதையோ தேடினான். நெடுநேரம் படித்தான்.

"கந்தகம்" என்றான். "ரப்பர்ல இருக்கு. சூட்டுல வெளிய வரும். வெள்ளியத் தின்னுரும்."

"ஆமா சார்."

"பள்ளிக்கூடத்துலயே படிச்சேன் இத."

"சுபா மேல தப்பு இல்ல சார்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சன்னலுக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிறலாம் சார். மறுபடி அறுபது செஞ்சு, நூலால கட்டி..."

"இருபத்தோரு நாள் வேணும் அக்கா. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போவணும்."

"கேட்டுப் பாக்கலாம்ல."

"என்னான்னு கேக்குறது? எங்க ஆளுங்க வீட்டுலேர்ந்து பழைய கையுறைய வெட்டிக் கொண்டாந்து கட்டுனாங்க, நான் அதைப் படம் புடிச்சு செவுத்துல ஒட்டுனேன்னா?" குரலைத் தாழ்த்தினான். "ஓவன்னா அது மெஷின் பிரச்சன. வாடிக்கையாளர் புரிஞ்சுக்குவான். இன்னொரு தடவ குடுப்பான். இதுன்னா சிரிப்பான். லைன் போயிரும். நான் போயிருவேன். நீங்க மொதல்ல போவீங்க."

"சுபா?"

"வார்னிங் குடுப்பாங்க. அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்." அவன் நான்கு நல்ல பட்டைகளையும் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துச் சாவி போட்டான். "அக்கா, உங்க பேரு பெர்மனன் லிஸ்டுல மொத பேரு. நான்தான் போட்டேன். யாருகிட்டயும் பேச வேணாம்."

குணவதி கையிலிருந்த கறுத்த பட்டையைச் சுருட்டினாள்.

"சரி தம்பி" என்றாள்.

பெக்டரிக்குள் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் கவனிக்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது சுவரில் செய்முறைத் தாள் புதிதாக இருந்தது. ஏழாவது படியில் படம் இல்லை. டேப் என்று எழுதியிருந்தது.

வியாழக்கிழமை மாலை சுபாஷினிக்குக் கடிதம் வந்தது. வார்னிங் இல்லை. நிறுத்தம். காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று போட்டிருந்தது. கடிதத்தின் நகல் ஏஜென்சிக்குப் போகும். குலிமில் பாதி பெக்டரிகளுக்கு ஆள் அனுப்புவது அதே ஏஜென்சிதான்.

வெள்ளிக்கிழமை அச்சு இயந்திரத்தில் வேறொரு பெண் நின்றாள். யோகேந்திரன் குணவதியைக் கடந்து இரண்டு முறை போனான். இரண்டு முறையும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை குணவதி துணி துவைத்தாள். சட்டியில் மீன் கருகியதைக் கணவன் காளிதாசன் சொல்லித்தான் அறிந்தாள். அவர் லூனாஸில் ஒரு மரக்கடையில் காவல் வேலை பார்க்கிறார்.

"என்னா ஆச்சு ஒனக்கு?"

சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ போய் சொன்னா வேல திரும்பக் குடுப்பாங்களா அந்தப் பிள்ளைக்கு?"

"தெரியல."

"ஒன்னோடது போயிரும். அது தெரியும்ல?"

"தெரியும்."

அவர் கருகிய பக்கத்தைப் புரட்டிவிட்டு மற்றப் பக்கத்தைச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சுபாஷினி வந்தாள். குழந்தையை முன்னால் உட்கார வைத்து ஓட்டி வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும்கா. சூட்டறைக்கு முன்னாடி நீங்க இழுத்துப் பாத்த நம்பர் எல்லாம் புத்தகத்துல இருக்குல்ல? அறுபதும் நல்லாருந்துச்சுன்னு எச்.ஆர்.ல சொல்லுங்க. வேற ஒன்னும் வேணாம். அச்சு நல்லாத்தான் இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும்."

"உள்ள வா பிள்ள. வெயிலு."

"இல்லக்கா, இவ எறங்கினா ஏற மாட்டா. ஒரே ஆட்டம். நாளைக்கு எட்டு மணிக்கு வரலாமா? பயமாருந்தா வேணாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

குழந்தை ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தது.

"வரேன்" என்றாள் குணவதி.

அப்போதே சொல்லியிருக்கலாம். குழந்தை ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு எச்.ஆர். அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அதிகாரி மலாய்ப் பெண். ஐம்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார். குணவதி சோதனைப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். அறுபது வரிசை, அறுபது எண்கள். அதிகாரி பார்த்தார்.

"அச்சு சரியாக இருந்திருக்கிறது. பிறகு எப்படிக் கெட்டது?" என்று மலாயில் கேட்டார்.

சுபாஷினி குணவதியைப் பார்த்தாள். தன்னைப் போல அவளுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது என்று நினைத்துத்தான் பார்த்தாள்.

"நான் கட்டின ரப்பர்" என்றாள் குணவதி. "அதுதான் கெடுத்தது."

அதிகாரி ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். எழுத்தில் வேண்டும் என்றார். மலாயில்.

குணவதி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். மலாய் பேசுவாள். சந்தையில் சண்டையும் போடுவாள். எழுத வராது. பேனாவைப் பிடித்து முதல் சொல்லை எழுதினாள். அடுத்தது வரவில்லை.

"குடுங்கக்கா" என்றாள் சுபாஷினி. "நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

குணவதி தமிழில் சொன்னாள். சுபாஷினி மலாயில் எழுதினாள். வளையம் எங்கிருந்து வந்தது. எதற்காகக் கட்டினாள். எத்தனை பட்டைகள். நூலால் கட்டிய நான்கு. சுபாஷினியின் எழுத்து உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துபோல் இருந்தது. எழுத எழுத அவள் முகம் தெளிந்தது. ஓரிடத்தில் நிமிர்ந்து சிரித்தாள்.

"ரப்பராக்கா? நம்ம ரப்பரா? நான் ஓவன் ஓவன்னு ஒரு வாரமாத் தூங்கல."

"எழுது."

"சாருதானே அதைப் படம் புடிச்சு ஒட்டுனாரு? அதையும் எழுதறேன்."

எழுதிய வரியைப் படித்த அதிகாரி அது தேவையில்லை என்றார். அறிக்கை எழுதுபவர் செய்ததை மட்டும் சொன்னால் போதும். சுபாஷினி அந்த வரியை அடித்தாள். அதிகாரி வேறு தாள் கொடுத்து, அடித்தல் இல்லாமல் முதலிலிருந்து எழுதச் சொன்னார். சுபாஷினி முதலிலிருந்து எழுதினாள்.

பாதியில் அதிகாரி கேட்டார். "எந்தத் தேதியில் தெரிய வந்தது? அதையும் போடுங்கள்."

சுபாஷினி பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எப்பக்கா? நேத்தா?"

"புதன்கிழம."

"எந்தப் புதன்கிழம?"

"போன புதன்கிழம. காலையில."

பேனா நகரவில்லை. தாளில் மைப்புள்ளி ஒன்று மெல்லப் பெரிதானது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு வியாழக்கிழம சாயந்தரம் லெட்டர் குடுத்தாங்க" என்றாள் சுபாஷினி.

"ஆமா."

"நேத்து நான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

"ஆமா."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என்ன பிரச்சனை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் சுபாஷினி. குனிந்து 'ராபு' என்று எழுதினாள். மலாயில் புதன். பக்கத்தில் தேதியைப் போட்டாள். மீதி வரிகளையும் எழுதினாள். எழுத்து அப்படியே உருண்டையாக இருந்தது. பேனாவைக் குணவதியிடம் கொடுக்காமல் மேசையில் வைத்தாள்.

குணவதி கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி தாளைக் கோப்பில் வைத்தார். நேர்மையாக வந்து சொன்னதற்கு நன்றி என்றார். வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமையே பதில் அனுப்பிவிட்டார் என்றும் சொன்னார். இன்னொரு வாய்ப்பு இல்லை. மாதக் கடைசியில் லைன் மூடுகிறது. யோகேந்திரனுக்கு வேறு பிரிவு. குணவதி இன்றைக்கே வேலை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"என் லெட்டர்?" என்றாள் சுபாஷினி.

அது ஏஜென்சிக்குப் போய்விட்டது. இனி ஏஜென்சி விஷயம்.

"இந்தத் தாளுல ஒரு காப்பி குடுங்க. ஏஜென்சில காட்டறேன்."

அது கம்பெனி ஆவணம். கொடுக்க முடியாது என்றார் அதிகாரி. உண்மையாகவே வருத்தப்பட்டார். இருவருக்கும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வெளியே வந்தார்கள். குணவதி காவலாளியிடம் அட்டையைக் கொடுத்தாள். அவன் புத்தகத்தில் நேரம் எழுதினான். எட்டு நாற்பது. ஏஜென்சி வேன் மாலை ஏழுக்குத்தான் வரும். பஸ் நிறுத்தம் இரண்டு கிலோமீட்டர்.

"சுபா."

சுபாஷினி வண்டியின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"வேற எங்கயாவது கேட்டாங்கன்னா நான் வந்து சொல்றேன். எங்க வேணும்னாலும்."

"நீங்க யாருக்கா?" என்றாள் சுபாஷினி. கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டாள். "உங்களுக்கே வேல இல்ல. நீங்க சொன்னா யாரு கேப்பா?"

குணவதி வழிவிட்டு ஒதுங்கினாள்.

வண்டி கிளம்பியது. வாசலில் வேகத்தடையில் ஏறி இறங்கிப் பெரிய சாலையில் திரும்பியது. குணவதி ஓரமாக நடக்கத் தொடங்கினாள். அடுத்த பெக்டரியின் வேலியில் ஆள் தேவை என்று பதாகை கட்டியிருந்தது. கீழே வயது வரம்பைப் போட்டிருந்தார்கள். அவள் அதைப் படித்தாள். நடந்தாள்.